தப்பில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்

விமான நிலையக் கட்டுப்பாட்டு டவரில் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட ஆறு வயது மூத்த மேலதிகாரிகூட, காரியம் ஆக வேண்டிய நாளில் அக்கா என்பார். அன்று காலை ஷிஃப்ட் முடியும் நேரத்தில் படியேறி வந்து, "அக்கா..." என்று இழுத்தபோதே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"இன்னிக்கும் ரெண்டாவது ஷிஃப்டையும் பாத்துடுங்களேன். ஒருத்தருக்குக் காய்ச்சல், இன்னொருத்தர் லீவு. ஆளே இல்ல."

தொடர்ந்து நாலாவது நாள். அவள் தலையாட்டினாள். இருபத்திரண்டு வருஷமாக விமானங்களை இறக்கி ஏற்றிப் பழகியவள். முடியாது என்ற சொல் அவளுக்கு விமானிகளிடம் மட்டும்தான் வரும். அவர்கள் கத்தினாலும் கெஞ்சினாலும் அசைய மாட்டாள். மற்றபடி யார் எது கேட்டாலும் சரிதான்.

மதியம் நாலு மணி. கண்ணாடிக்கு வெளியே வெயில் வெள்ளையாக அடித்துக்கொண்டிருந்தது. ஓடுபாதை ஓரத்தில் காற்றின் திசை காட்டும் காற்றுப்பை, துவைத்துப் போட்ட சட்டைக் கையைப் போலக் கம்பத்தோடு ஒட்டித் தொங்கியது. காற்றே இல்லை. அவளுக்கு முதுகெலும்பைப் பிழிந்தாற்போல் இருந்தது. கண்ணை மூடினால் இமைக்குள்ளேயும் ரேடார் புள்ளிகள் நகர்ந்தன.

பெரிய சரக்கு விமானம் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் ஒரு சின்ன விமானம். மேலிருந்து நிலத்தைப் படம்பிடிக்கும் சர்வே விமானம் அது. விமானியும் கேமராக்காரரும் ஆக இரண்டே பேர். அந்த விமானியின் குரலை அவளுக்குப் பதினொரு வருஷமாகத் தெரியும். முகத்தைப் பார்த்ததில்லை. அவசரக்காரர் என்று டவரில் பேர்.

படகு போனால் பின்னால் தண்ணீர் அலைமோதும். பெரிய விமானம் போனாலும் அப்படித்தான். இரண்டு இறக்கை நுனியிலிருந்தும் காற்று கயிறு திரித்தாற்போல் சுழன்று, பின்னால் நீண்டு, மெல்லக் கீழே இறங்கும். நல்ல காற்றடித்தால் கலைந்து போகும். இலை அசையாத நாளில் கலையாமல் ஓடுபாதைக்கு மேலேயே கிடக்கும். பார்த்து ஒதுங்கலாம் என்றால் அது கண்ணுக்குத் தெரியாது. சின்ன விமானம் அதற்குள் போனால், போன வேகத்தில் குப்புறக் கவிழ்த்துவிடும். அதனால்தான் நடுவே ஆறு மைல் விடுவது. அன்றைக்கு நாலு மைல்தான் இருந்தது. ஒரு சுற்று சுற்றி வரச் சொல்ல வேண்டும், சொல்லத்தான் வாயெடுத்தாள்.

அதற்குள் அவசரக்காரர் முந்திக்கொண்டார். முன்னால் போவது தெரிகிறது, நானே பார்த்து இடைவெளி விட்டுக்கொள்கிறேன், இறங்கட்டுமா என்றார்.

விமானி அப்படிக் கேட்டு, இவளும் சரி என்றால் பொறுப்பு அவருடையது. விதி அப்படி. வேறு நாளாக இருந்தால் காற்றுப்பையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சுத்தி வாங்க" என்றிருப்பாள். அவரும் முணுமுணுத்துக்கொண்டே சுற்றியிருப்பார். அன்று அவரோடு மல்லுக்கட்டத் தெம்பில்லை. அவர் சுற்றினால் பின்னால் வரும் மூன்று விமானங்களையும் கலைத்து அடுக்க வேண்டும். சரி என்றாள். முன்னால் போன பெரிய விமானத்தின் சுழல் இருக்கும், எச்சரிக்கை என்று சொல்ல வேண்டிய வாக்கியத்தையும் ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

தரைக்கு இருநூறு அடி இருக்கும்போது சின்ன விமானம் இடது பக்கம் சாய்ந்தது. சாய்ந்தது நிமிரவில்லை. ஒரு இறக்கை மண்ணையும் இன்னொன்று வானத்தையும் பார்த்தபடி, டவருக்குத் தன் வயிற்றைக் காட்டிக்கொண்டு நின்றது. அவள் எழுந்து நின்றுவிட்டாள். மைக் பட்டன் மேல் விரல் இருந்தது. விமானம் தடுமாறி, வேலி மரங்களின் உச்சியை உரசிக்கொண்டு நிமிர்ந்து, என்ஜின் அலற மேலே ஏறியது. ஏழு விநாடி ரேடியோவில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு, "மேல போறேன்," என்றது குரல். பதினொரு வருஷம் கேட்ட குரல் போலவே இல்லை.

சுற்றி வந்து ஒழுங்காக இறங்கினார். கேமராக்காரருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. மாற்றாள் வந்து சேர இருபது நிமிஷமானது. அதுவரை அவளே உட்கார்ந்து இன்னும் இரண்டு விமானங்களை இறக்கினாள். குரல் நடுங்கவில்லை. பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

விசாரணை பதினொரு நாள் நடந்தது. ரேடியோப் பேச்சு பதிவான டேப்பைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள். கடைசியில், கன்ட்ரோலர் மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். ஃபிரிட்ஜ் பழுது பார்க்கும் அவள் புருஷன் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தான்.

"அதான் தப்பில்லன்னுட்டாங்களே. இன்னும் ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?"

"தப்பில்லன்னுதான் சொன்னாங்க. சரியாப் பண்ணேன்னு யாரும் சொல்லலயே."

"உனக்கு என்னதான் சொல்லணும்?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். தூங்க விடு."

ஆனால் தூக்கம் வரவில்லை. வேலைக்குத் திரும்பியதும் ஆறு மைல் விட வேண்டிய இடத்தில் பத்து விட்டாள். காற்று நன்றாக அடிக்கும் நாளிலும் பத்து. விமானங்கள் வானத்தில் வரிசைகட்டிச் சுற்றின. மேலதிகாரி கூப்பிட்டார். இந்தத் தடவை அக்கா இல்லை.

"மணிக்கு இருபது இறக்குற இடத்துல பதிமூணு இறக்கறீங்க. விமானக் கம்பெனிக்காரங்க என் தலைய உருட்டறாங்க."

இடைவேளையில் அவள் கீழே இறங்கினாள். கேன்டீனில் காப்பி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபோது, நரைத்த தலையும் கசங்கிய சட்டையுமாக ஒருவர் எதிரே வந்து நின்றார். உருவத்தைப் பார்த்து யாரென்று தெரியவில்லை. வாயைத் திறந்ததும் தெரிந்தது.

"உக்காரலாமா?"

அவசரக்காரர் கையிலிருந்த கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். "உங்களைத் திட்டணும்னுதான் வந்தேன். வர்ற வழியிலயே அது போயிடுச்சு. அன்னிக்கு அது எனக்கு நாலாவது ட்ரிப். கை மரத்துப் போயிருந்துச்சு. எப்படியாவது இறங்கிட்டாப் போதும்னு கேட்டேன்."

"எனக்கு நாலாவது நாள் டபுள் ஷிஃப்ட்," என்றாள் அவள். "எப்படியாவது போய்த் தொலையட்டும்னு சரின்னேன்."

சிரிக்கிற விஷயமில்லை. இருந்தும் அவர் உதடு லேசாகக் கோணியது. "வேணாம்னு சொல்லியிருக்கலாம் நீங்க."

"கேக்காம இருந்திருக்கலாம் நீங்க."

அவர் தன் கோப்பையைக் காலி செய்தார். கேமராக்காரருக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது, இனி பறக்க மாட்டேன் என்கிறார் என்று மட்டும் எழுந்து போகும்போது சொன்னார். அவள் காப்பி ஆறிப்போயிருந்தது. அதை அப்படியே குடித்தாள்.

மறுநாள் மேலதிகாரி அறைக்கு அவளாகவே போனாள். "இடைவெளி விதிப்படியே விடறேன். ஆனா இனிமே என்னால ரெண்டு ஷிஃப்ட் பாக்க முடியாது. எழுதியே கொண்டுவந்துட்டேன்."

"ஆளில்லன்னா நான் என்ன பண்றது?"

"ஆளில்லன்னா விமானத்தைக் குறைங்க."

அவர் முகம் கறுத்தது. அந்த மாதமே அவளுக்கு யாரும் விரும்பாத ஷிஃப்டாகப் பார்த்துப் போட்டார். ஆனால் ஒரே நாளில் ஒன்றுக்கு மேல் போடவில்லை. இரண்டு வாரம் கழித்து இன்னும் மூன்று பேர் அதே மாதிரி எழுதிக் கொடுத்தார்கள். எட்டு மாதம் இழுத்தடித்துப் பக்கத்து விமான நிலையத்திலிருந்து இரண்டு பேரை மாற்றி அனுப்பினார்கள். போதாதுதான். இருந்தாலும் வந்தார்கள்.

அதன் பிறகும் ஒன்பது வருஷம் அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அலுப்பு போகவில்லை, இந்த வேலையில் அது போவதுமில்லை. வீடு திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் இரண்டாவது நிறுத்தத்துக்குள் கண் சொருகிவிடும். கண்டக்டர்தான் இறங்குமிடம் வந்ததும் கம்பியைத் தட்டி எழுப்புவார். ஒருநாள் அவரும் மறந்துவிட்டார். டிப்போ வரை போய், வந்த வழியே நாலு நிறுத்தம் நடந்து வீடு வந்து சேர்ந்தாள்.