இரண்டு வாட் ஆம்ப்ளிஃபயருக்கு ஸ்பீக்கர் தேடிக் கோத்தகிரிக்கு

மகன் வேலைக்காகப் பெங்களூர் போனபிறகு எங்கள் வீட்டில் ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு செல்போன் என்றாகிவிட்டது. மாலையில் ஒரு மணி நேரமாவது நானும் என் மனைவி சுமதியும் சேர்ந்து உட்கார்ந்து பாட்டுக் கேட்க வேண்டும் என்றுதான், கண்ணாடிக் குழல்களில் ஓடும் பழைய பாணி வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்கினேன். சக்தி வெறும் இரண்டு வாட். வீட்டிலிருந்த ஸ்பீக்கரில் முனகத்தான் செய்தது. கொஞ்ச சக்தியிலேயே உரக்கப் பாடும், பெட்டிக்கு ஒரே ஒலிக்கூம்பு கொண்ட ‘ஒற்றை டிரைவர்’ ஹார்ன் ஸ்பீக்கர் ஜோடி ஒன்று கோத்தகிரியில் விற்பனைக்கு இருப்பதாகத் தெரிந்ததும், ஜூலையில் ஒரு சனிக்கிழமை இருவரும் கிளம்பினோம்.

காலை ஆறரைக்குக் கோவையில் பஸ். மேட்டுப்பாளையத்தில் இட்லி. அங்கிருந்து கோத்தகிரி முப்பத்து மூன்று கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். குன்னூர் வழியைவிட நெரிசல் குறைவு. பஸ் நிலையத்திலிருந்து விற்பவர் வீட்டுக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். "பொட்டி பெருசுன்னா ஆட்டோல ஏறாதுங்க, பிக்கப்தான் சொல்லோணும்" என்றார் ஓட்டுநர்.

விற்பவர் ஸ்டீபன் சார், ஓய்வு பெற்ற தொழிற்சாலை ஊழியர். மகள் வீட்டுக்குக் குடிபோவதால் விற்கிறார். நெஞ்சளவு உயரப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் பின்பக்கமாக ஒரு குண்டு பல்பு. இங்கே துணி பீரோவுக்குள்ளும் இப்படித்தான் எரிய விடுகிறார்கள். "மழைக்காலத்துல இது இல்லீன்னா ஸ்பீக்கரோட காயிதக் கோன் பூசணம் புடிச்சுருமுங்க" என்றவர் பல்பை அணைத்தார். எதிரே ஒரே ஒரு நாற்காலி. அதன் கால்கள் நகராமலிருக்கத் தரையில் பெயின்ட் அடையாளம் வேறு.

நான் உட்கார்ந்தேன். நான் தூக்கி வந்த ஆம்ப்ளிஃபயரையே மாட்டினார். பாடகி அடுத்த வரிக்கு மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. கண் கலங்கிவிட்டது. சொன்ன விலைக்கே வாங்கிவிடுவது என்று முடிவு செய்து சுமதியைத் திரும்பிப் பார்த்தேன்.

"எனக்கு ரேடியோ மாதிரிதான் இருக்குதுங்க" என்றாள் சுவரோரம் நின்றபடி.

எழுந்து அவளை உட்கார வைத்தேன். அவள் முகம் மலர்ந்தது. நான் நின்ற இடத்தில் பாட்டு மங்கிப்போனது. ஒற்றை டிரைவரில் மேல்ஸ்தாயி டார்ச் வெளிச்சம்போல நேராகத்தான் போகும் என்று படித்திருந்தேன். அது ஒரு நாற்காலிக்குத்தான் போதும் என்று அதுவரை எனக்கு உறைக்கவில்லை.

டீ கொண்டுவந்த ஸ்டீபன் சார் மனைவியிடம், "நீங்க எங்கீங்க உக்காருவீங்க?" என்று சுமதி கேட்டாள்.

"நானெங்கீங்க உக்காந்தேன்? அவரு பாட்டுக் கேட்டு முடிக்கற வரைக்கும் சமையக்கட்டுல இருப்பனுங்க."

ஸ்டீபன் சார் குனிந்து ஆம்ப்ளிஃபயரின் வயர்களைக் கழற்றினார். எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. டீயைக் குடித்துவிட்டு, வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லி விடைபெற்றோம்.

போகிறவர்களுக்கு: தனியாகக் கேட்பவர் என்றால் தயங்காமல் வாங்கலாம், குரல் இவ்வளவு சுத்தமாக வேறெதிலும் கிடைக்காது. இரண்டு வாட்டுக்கு ஸ்பீக்கரின் திறன், அதாவது ஒரு வாட்டுக்கு எழும் ஒலி, தொண்ணூற்றெட்டு டெசிபலுக்குக் குறையக் கூடாது. மிருதங்கத்தின் அடிநாதம் கொஞ்சம் மெலிந்துதான் வரும். உங்கள் ஆம்ப்ளிஃபயரையே கொண்டுபோங்கள். துணைவரோடு கேட்பதென்றால் முதலில் ஓரத்தில் நின்று கேளுங்கள்.

மலையிறங்கும் பஸ்ஸில் சுமதி, நாற்காலியில் உட்கார்ந்து கேட்ட அந்தப் பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தாள். எஞ்சின் இரைச்சலில் பாதிதான் கேட்டது. நான் இன்னும் கொஞ்சம் அவள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன்.