மதகு வீட்டு மருமகள்

தெருவில் அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து பல்செட் செய்கிறவள். மெழுகில் ஈறு வார்த்து, ஒவ்வொரு பல்லாகப் பதித்து, ராவி மெருகேற்றுவது அவள் வேலை. பேச வருகிறவர்களின் முகத்தை விட்டுவிட்டு வாயைத்தான் பார்ப்பாள். "என்னைப் பார்த்தா மயங்கினா? என் கடவாய்ப் பல்லைப் பார்த்துல்ல மயங்கினா" என்பார், பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற அவள் புருஷன்.

பிள்ளைகள் தலையெடுத்துப் போன பிறகு இருவருக்கும் நடைப் பைத்தியம் பிடித்தது. முதலில் வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாய்க்கரை. அது சலித்ததும் லீவு நாளில் பஸ் ஏறி, கண்ணில் பட்ட நிறுத்தத்தில் இறங்கி, தண்ணீர் போகிற பக்கமெல்லாம் போவார்கள். வயல், நாணல், கரையில் மேயும் மாடு. வாரம் முழுக்க பிளாஸ்டர் தூசியைச் சுவாசித்தவளுக்கு அந்த ஈரக்காற்று அடிவயிறுவரை இறங்கும்.

அப்படி வெகுதூரம் போன ஒரு மதியத்தில்தான் அந்த மதகைப் பார்த்தார்கள். பக்கத்திலேயே ஒரு சின்ன வீடு. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கிழவி, பல்லக்காவைக் கண்டதும் எழுந்துவிட்டாள்.

"வந்துட்டியா? அவன் எங்கே?"

பல்லக்கா திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாருமில்லை. பக்கத்தில் நின்ற புருஷனைக் கிழவி ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

ஈரக்கையைத் துடைத்தபடி உள்ளேயிருந்து மகள் ஓடி வந்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. அம்மாவுக்கு நினைவு தப்பிப் போச்சு. உங்களை எங்க அண்ணின்னு நினைச்சுட்டாங்க." பிறகு குரலைத் தணித்தாள். "அண்ணனும் அண்ணியும் இங்கதான் குளிக்க இறங்கினாங்க. அண்ணி மட்டும்தான் கரையேறினாங்க. அண்ணன் உடம்புகூடக் கிடைக்கல. என்ன நடந்துச்சுன்னு அண்ணி வாயே திறக்காம ஊரை விட்டுப் போயிட்டாங்க. அம்மா அன்னையிலிருந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க."

திரும்பும்போது புருஷன் சொன்னார். "பாவம்தான். அடுத்த தடவை வேற பக்கம் போவோம். தண்ணிக்கா பஞ்சம்?"

வேறு பக்கம்தான் போனார்கள். ஆனால் எந்தத் தண்ணீரைப் பார்த்தாலும் 'அவன் எங்கே' என்று காதில் விழுந்தது. ராவும் மெஷினின் இரைச்சலுக்கு நடுவிலும் விழுந்தது. கடைசியில், வேலை இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டு அவள் தனியாகப் பஸ் ஏறினாள்.

கிழவி கேட்டாள். பல்லக்கா பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். மறுபடி போனாள். மறுபடியும் அதே கேள்வி, அதே மௌனம். அந்த அண்ணி செய்ததையே நானும் செய்கிறேனே என்று ஒருநாள் சுரீரென்றது.

"கையைப் பிடிச்சேன் அத்தை," என்றாள். "ரெண்டு கையாலயும் பிடிச்சேன். பாசி வழுக்கிருச்சு. நானா விடல அத்தை."

அந்த வார்த்தைகள் எங்கிருந்து வந்தன என்று அவளுக்கே தெரியவில்லை. கிழவி அவள் கையை இழுத்து உள்ளங்கையைத் தடவிப் பார்த்தாள்.

"பிடிச்சியா? பிடிச்சிருப்பே. நீ நல்லவதான்."

பிறகு நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். கதவைப் பிடித்துக்கொண்டு மகள் அழுதாள்.

அதற்குப் பிறகு கிழவி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மழைக்காலத்தில், தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள்.

கிழவி இறக்கி வைத்த பாரம் பல்லக்காமேல் ஏறிக்கொண்டது. நடந்துகொண்டிருக்கும்போதே உள்ளங்கை ஈரமாகும். ஏதோ இறுகப் பிடிக்கும், பிறகு மெல்ல நழுவும். கனவில் ஒருவன் தண்ணீருக்குள்ளிருந்து அண்ணாந்து பார்ப்பான். அகன்ற நெற்றி, புருவத்தை இரண்டாகப் பிளந்த தழும்பு. ஒருநாள் சறுக்கலான கரையில் புருஷன் கைகொடுத்தபோது உதறிவிட்டு அலறினாள்.

"என்னடி ஆச்சு?"

எல்லாவற்றையும் சொன்னாள், தழும்பு உட்பட. அவர் அவளைக் கரையிலிருந்து தள்ளி உட்கார வைத்தார்.

"நல்லதுக்குச் சொன்ன பொய்தானே. விட்டுத் தள்ளு."

"பொய் மாதிரி இல்லைங்க."

இருவருமாகத் துக்கம் விசாரிக்கப் போனார்கள். மகள் டீ கொடுத்துவிட்டு, துணியில் சுற்றிய படம் ஒன்றைக் கொண்டு வந்தாள். "இதுதான் எங்க அண்ணன். நீங்க பார்த்ததில்லையே."

"வேண்டாம்மா, உள்ளே வை." பல்லக்கா கண்களை மூடிக்கொண்டாள்.

புருஷன் வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் விரல் தன்னையறியாமல் தன் புருவத்தைத் தடவியது. திருப்பிக் கொடுக்கும்போது மகளிடம், "சின்ன வயசு" என்று மட்டும் சொன்னார்.

பஸ்ஸில் அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நடப்பதை அவர்கள் நிறுத்தவில்லை. ஆனால் இப்போதெல்லாம் தண்ணீர்ப் பக்கம் அவர் நடக்கிறார், அவளைத் தள்ளி வயல் ஓரமாகவே நடக்க வைக்கிறார்.