அரைக் கோர்ட்டும் என் முழு நடையும்

நான் மடையன் என்பதற்கு மூன்று வெளிநாட்டு டொக்டர்கள் சாட்சி. ஒரு கால் இல்லாத நான், மாற்றுத்திறனாளிகளுக்கான சர்வதேசப் பூப்பந்துப் போட்டிக்குப் போய், எனக்குப் பெரிதாகக் குறையொன்றும் இல்லை என்று அவர்களை நம்பவைத்துவிட்டேன். இல்லாத நோவைக் காட்டிக் காரியம் பார்க்கிறவர்களை எல்லா ஊரிலும் காணலாம். இருக்கிற நோவை ஒளித்துக் காரியத்தைக் கெடுத்தவன், எனக்குத் தெரிந்து, கல்முனையில் நான் ஒருவன்தான்.

கால் போனது சுனாமியில். கடல் எடுத்தது என்று சொன்னால் கேட்பவர் உச்சுக்கொட்டுவார். உண்மையில் எடுத்தது என் வீட்டுக் கூரைத் தகரம். நானே ஏறி நின்று ஆணியடித்த தகரம். அலை வந்ததும் என் ஆணிகள் முதலில் ஓடிவிட்டன. தகரம் மிதந்து வந்து இடது காலை முழங்காலுக்குக் கீழே சீவிக்கொண்டு போனது. முழங்கால் மிஞ்சியது. ஆனால் அது தனக்கு மனமிருந்தால் மடங்கும், இல்லாவிட்டால் இல்லை.

அதன்பிறகு ஊரில் ஒரு அதிசயம் நடந்தது. நிவாரண வரிசையில் நின்ற எல்லாரும் நொண்டினார்கள். அலை வந்த நேரம் கண்டியில் கலியாணச் சோறு தின்றுகொண்டிருந்தவனும் நொண்டினான். நான் மட்டும் ஊன்றுகோலை மதிலில் சாத்திவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். பக்கத்து வீட்டில் கதவு திறக்க ஒரு ஆள் மிஞ்சவில்லை. எங்கள் வீட்டில் எல்லாரும் இருந்தோம். அந்தத் தெருவில் நின்று ஒரு காலுக்காக முகத்தைச் சுளிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. என் வெட்கத்தைப் பார்த்த அதிகாரி, "உங்களுக்கு ஒண்டுமில்லத்தானே, அடுத்த ஆள் வாங்க" என்றார்.

பொய்க்கால் வந்தது. அதைப் போட்டுக்கொண்டு சாய்ந்தமருதுக் கடற்கரை மணலில் நடந்து நடந்து, நொண்டலை முழுதாக விழுங்கிவிட்டேன். கலியாணம் முடிந்து பெண் வீட்டில் குடியேறிய பிறகும், எது சொந்தக் கால், எது தந்த கால் என்று மாமிக்கு நிச்சயமாகத் தெரியாது. பாவம், நான் சாப்பிடும்போதெல்லாம் மேசைக்குக் கீழே பார்ப்பார்.

யுத்தம் முடிந்த பிறகு அம்பாறை நகரத்து உள்ளரங்கில் பூப்பந்துக் குழு ஒன்று சேர்ந்தது. பயிற்றுநர் காரைதீவுக்காரர், ஓய்வுபெற்ற விளையாட்டு வாத்தியார். மற்றவர்கள் எல்லாரும் படையில் இருந்தவர்கள். ஆளுக்கொரு மிதிவெடிக் கதை, ஷெல் கதை வைத்திருந்தார்கள். என் முறை வரும்போது நான் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். அந்த வீரர்கள் நடுவில் தகரக் கதையை எப்படிச் சொல்வது?

இரட்டையர் ஆட்டத்துக்கு எனக்கு வாய்த்த ஜோடிக்காரனும் பழைய சிப்பாய்தான். அம்பாறைக்கு அப்பால் ஒரு சிங்களக் கிராமம். யுத்தத்தின் கடைசி மாதங்களில் ஒரு துப்பாக்கிச் சன்னம் தோளுக்குள் போய் இடது கை செத்துத் தொங்கியது. தமிழை அவன் செக்பொயின்டில் படித்தவன். ஆகவே அவனுடைய தமிழ் முக்கால்வாசியும் கட்டளை. அன்பாக உபசரிப்பதென்றால் கோப்பையை நீட்டி, "தேத்தண்ணி. குடி!" என்பான். கையை உயர்த்திவிட்டுத்தான் குடிக்கத் தோன்றும்.

போட்டியின் கணக்கு இதுதான். டொக்டர்கள் சோதித்து ஒவ்வொருவருக்கும் ஒரு எண் போடுவார்கள். நடப்பதற்குச் சிரமப்படுகிறவனுக்கு மூன்று. அவன் ஒற்றையரில் அரைக் கோர்ட்டில் ஆடினால் போதும். ஓரளவு நன்றாக நடக்கிறவனுக்கு நான்கு. அவனுக்கு முழுக் கோர்ட். கை மட்டும் பழுதானவனுக்கு ஐந்து. இரட்டையரில் ஜோடியின் எண்களைக் கூட்டினால் எட்டைத் தாண்டக்கூடாது. நான் மூன்று, அவன் ஐந்து என்று நம்பித்தான் எங்களை அனுப்பினார்கள். எனக்கு ஒற்றையரும் இருந்தது. அவனுக்கு இரட்டையர் மட்டுமே.

புறப்படுவதற்கு முன் தேத்தண்ணிக் கடையில் விடைபெறப் போனதுதான் பிழை.

"எலா, ஒத்தக் கால வெச்சிட்டு என்னத்த வெளாடப் போறாய்?" என்றார் கடைக்கார காக்கா. எங்கள் ஊரில் காக்கா என்றால் அண்ணன்.

"அரைக் கோர்ட்டுத்தான் காக்கா. பாதி இடத்துலதான் ஓடணும்."

"அப்ப கப்பும் பாதிதான் தருவானுகள்."

"மத்தப் பாதிய கப்பல்ல அனுப்புவானுகள் காக்கா!" என்று மூலையில் இருந்து ஒருவன் சொல்ல, கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பாதிக் கப் என் தொண்டையில் சிக்கிக்கொண்டு விமானத்தில் கூடவே வந்தது.

சோதனை அறையில் குளிர். நடக்கச் சொன்னார்கள். "வீட்ட நடக்கிற மாதிரி நட தம்பி" என்று பயிற்றுநர் நூறு தரம் சொல்லியிருந்தார். நான் பெருநாள் தொழுகைக்குப் புதுச் சாரம் உடுத்துப் போகிறவன் மாதிரி நடந்தேன். முழங்காலை மடக்கினார்கள், கண்ணுக்குள் மின்னல் வெட்டியது. "நோ பெயின், நோ பெயின்" என்றேன். குதிக்க முடியுமா என்றார்கள். அவர்கள் கேட்டதைவிட ஒன்று கூடக் குதித்தேன்.

வெளியே வந்து ஜோடிக்காரனின் முதுகில் தட்டினேன். "மச்சான், நாலு! முழுக் கோர்ட்டு!"

அவன் சிரிக்கவில்லை. வலது கை விரல்களைப் பார்த்து மெதுவாகச் சொன்னான்: "நாலு. அஞ்சு. ஒம்பது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூட்டல் எனக்கும் தெரியும்தான். தற்பெருமை வந்தால் அது முதலில் கூட்டலைத்தான் தின்கிறது.

"மகள் ஸ்கூல்ல எல்லாருக்கும் சொல்லிட்டா, தாத்தா வெளாடுறார் எண்டு" என்றான். அவர்கள் பாஷையில் தாத்தா என்றால் அப்பா. பிறகு யன்னல் பக்கம் திரும்பி, "போ" என்றான். நான் போனேன்.

பயிற்றுநர் ஓடித் திரிந்து ஒரு வழி கேட்டு வந்தார். என் முதல் ஒற்றையர் ஆட்டத்தைப் பார்த்த பிறகுதான் எண்ணை உறுதி செய்வார்களாம். அந்த ஆட்டத்தில் நான் மூன்று என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் ஜோடிக்காரன் விளையாடாமலே வீடு திரும்புவான்.

இதுதானா பெரிய வேலை என்று கோர்ட்டுக்குள் இறங்கினேன். நொண்டினேன். எப்படிப்பட்ட நொண்டல்! நிவாரண வரிசை முழுவதையும் ஒரே உடம்பில் காட்டினேன். ஒவ்வொரு அடிக்கும் ஒரு முனகல். ஓரத்தில் உட்கார்ந்திருந்த டொக்டர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உலகத்து நொண்டல் எல்லாம் பார்த்த மனிதர்கள் அவர்கள்.

இடைவேளையில் பயிற்றுநர் என் காதுக்குள் சீறினார். "என்னடா தம்பி கூத்தாடுறாய்? வேசம் போடுறான் எண்டு எழுதினா ரெண்டு பேரையும் வீட்ட அனுப்பிடுவாங்கள்!"

அவருக்குப் பின்னால் நின்ற ஜோடிக்காரன் ஒரே சொல்லில் முடித்தான். "நடிக்காத."

சரி, நடிக்காமல் நடப்போம் என்று திரும்பினால் ஒரு சிக்கல். நடிக்காத நடை எது என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் ஒளித்து வைத்ததில், ஒளித்த இடமே மறந்துபோயிருந்தது. நின்று யோசிக்க எதிராளி விடவில்லை. ஷட்டிலைத் தலைக்கு மேலே தூக்கிப் பின்கோட்டுக்கு அனுப்பினான். எனக்கு அது வேண்டும் போலிருந்தது. டொக்டர்களை மறந்து பின்னால் ஓடினேன். முழங்கால் மடங்கவில்லை. பலகைத் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன்.

விழுவது பெரிதல்ல. எழும்புவதுதான். வீட்டில் விழுந்தால் கதவைச் சாத்திவிட்டுத்தான் எழும்புவேன்; மனைவி மட்டும் பார்த்திருக்கிறாள். சேற்றில் கிடந்த எருமை எழும்புவது போல, முதலில் பின்பக்கம் மேலே போகும், பிறகு கைகள் தரையில் தவழ்ந்து கிட்ட வரும், மற்றதெல்லாம் ஆறுதலாக வந்து சேரும். இங்கே சாத்துவதற்குக் கதவில்லை; ஆட்டத்தை நேரடியாக ஒளிபரப்பும் கமரா வேறு. அப்படியே எழும்பினேன். அடுத்த ஷட்டிலும் பின்கோட்டுக்கு வந்தது. அதற்கும் ஓடினேன், அதற்கும் எழும்பினேன். எதிராளி நல்ல பிள்ளை. எந்த இடத்தில் எனக்கு நோகும் என்று கண்டுபிடித்து அங்கேயே அனுப்பிக்கொண்டிருந்தான். ஆட்டம் முடிந்தபோது சட்டையின் முன்பக்கத்தில் அரங்கின் தூசு முழுவதும் இருந்தது. நான் எடுத்த புள்ளிகளைச் சொல்லி உங்களைச் சிரிக்கவைக்க மாட்டேன்.

பின்னேரம் அறிவிப்புப் பலகையில் என் பெயருக்கு நேரே மூன்று என்று போட்டிருந்தது.

ஜோடிக்காரன் வாங்குப் பலகையில் உட்கார்ந்து, ராக்கெட்டைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கி, பிடியின் பட்டியைப் பல்லால் இழுத்துச் சுற்றிக்கொண்டிருந்தான். நான் மூச்சு விடாமல் கொட்டினேன்: "மச்சான், மூண்டு! எருமை மாதிரி எழும்பினதுக்கு மூண்டு குடுத்திரிக்கானுகள்! வீடியோ ஊருக்குப் போயிருந்தா இனி அந்தக் கடப் பக்கம் நான் தல காட்டேலா. ஒன்ட மகளும் பாத்திருப்பா என்ன? சிரிச்சிருப்பாவா?"

அவன் பட்டியின் நுனியை ஒட்டி, அழுத்திப் பார்த்துவிட்டு, தலையை நிமிர்த்தினான்.

"நாளைக்கு ஆட்டத்துல பின்னால வாற ஷட்டில் எனக்கு, நீ ஓடாத."