ராகிக் காட்டின் அடிவண்ணம்

காலை ஆறேகாலுக்கு, கம்பைநல்லூர் அருகே முதலில் கண்ணில் பட்டது பனியில் நனைந்த ராகிக் காடு. அதை வரைய, ஓவியக் கித்தானில் பழுப்பு அடிவண்ணம் பூசினேன். அது காய்ந்த பிறகே பச்சை வைப்பது என் வழக்கம்.

காட்டுக்காரப் பெண் வந்து பார்த்தார். "என்னங்க இது, பயிரு பூரா காஞ்சாப்ல இருக்குது? போர்ல தண்ணி நூலாட்டம் வருது. இப்படியே வுட்டுட்டுப் போவாதீங்க."

விளக்கிச் சொன்னேன், அவர் நகரவில்லை. வாதாடச் சலித்து, ஈரப் பழுப்பின் மேலேயே ஒரு பாத்திக்குப் பச்சை வைத்தேன். நிறம் கலங்கியது.

படத்தை முடிக்க மறுமாதம் போனபோது போர் வற்றி, காடு முழுக்கக் காய்ந்து நின்றது. அவர் கித்தானைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்க படத்துலயாச்சும் ஒரு பாத்தி தப்பிச்சுதுங்களே."

அதன் மேல் நான் இன்றுவரை வேறு நிறம் பூசவில்லை.