மோரிக்கு ஒரு பள்ளத்தாக்கு

மும்பைக்கு வெளியே, கர்ஜத் பக்கத்து மலைச்சரிவில், சனி ஞாயிறுகளில் போய்த் தங்க ஒரு வீடு கட்ட முடிவு செய்தோம். மாட்டுங்காவில் வளர்ந்த ஆர்க்கிடெக்ட் பெண் வரைபடத்தை விரித்துக் காட்டினாள். பள்ளத்தாக்கைப் பார்த்த பக்கம் முழுவதும் கண்ணாடி போட்ட ஹால். குளியலறை பின்னால், மலையை வெட்டிய சுவரை ஒட்டி, இருட்டில்.

"ரெண்டையும் இடம் மாத்தும்மா" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "ஆன்ட்டி, வ்யூ ஹாலுக்குத்தானே வேணும்? பாத்ரூமுக்கு எதுக்கு?"

என் கணவரும் அவள் கட்சி. "ஏட்டி, வாரவங்க சிரிக்க மாட்டாவளா?"

தாராவியில் முன்பு நாங்கள் இருந்த வீடு ஒரே அறை. வாசலை ஒட்டிய மூலையில் முழங்கால் உயரத்துக்குச் சுவர் எழுப்பிய மோரி. பாத்திரம் கழுவுவதும் அங்கேதான், குளிப்பதும் அங்கேதான். மாமனாரையும் கொழுந்தன்மாரையும் வெளியே நிற்க வைத்துவிட்டு, பழைய சேலையைத் திரையாகக் கட்டி, அவர்கள் கதவைத் தட்டுவதற்குள் நாலு செம்பு தண்ணீர் ஊற்றி, ஈர உடம்பிலேயே சேலையைச் சுற்றிக்கொள்வேன். இருபத்தாறு வருஷம் அப்படித்தான் குளித்தேன்.

"சிரிக்கவங்க சிரிக்கட்டும். பள்ளத்தாக்கு என் மோரிக்குத்தான்" என்றேன்.

வரைபடம் மாறியது; வீடும் எழுந்தது. இப்போது குளியலறையின் பெரிய ஜன்னலுக்கு எதிரே மலையும் மழையும் தவிர யாரும் இல்லை. சனிக்கிழமைதோறும் அங்கே ஒரு மணி நேரம் குளிக்கிறேன். யாரும் கதவைத் தட்டுவதில்லை. தட்டினாலும் திறப்பதாக இல்லை.