பூஜ்யத்திலேயே நின்ற மட்டம்

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் மோட்டார் போடுகிறவரை எல்லோரும் சிடுமூஞ்சி என்றுதான் சொல்வார்கள். அன்று மூஞ்சி மட்டுமல்ல, உடம்பே சிடுசிடுத்தது. காலையில் மாடித் தொட்டி மறுபடி நிரம்பி, படிக்கட்டு முழுக்கத் தண்ணீர். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்த குடியிருப்புச் சங்கச் செயலாளர், இன்னொரு தடவை வழிந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வழியக் கூடாதென்றுதானே மாதக்கணக்கில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு புரோகிராம் எழுதக் கற்றார்? தொட்டிக்குள் சென்சார் வைத்தாயிற்று. 'மட்டம்_பார்' என்று ஒரு ஃபங்ஷன். கூப்பிட்டால், தொட்டி எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று சொல்லும். எண்ணைப் போட்டு வைக்க 'மட்டம்' என்று ஒரு வேரியபிள், தொடக்கத்தில் பூஜ்யம். அது தொண்ணூறைத் தாண்டினால் மோட்டார் நிற்க வேண்டும். அந்த ஃபங்ஷனைத் தனியாகத் தட்டிப் பார்த்தபோது திரையில் அறுபத்திரண்டு என்று பளிச்சென்று வந்தது. அதை நம்பி அப்படியே புரோகிராமில் போட்டார். நிற்கவில்லை, சனியன்.

மோட்டார் அறை வாசலில் நின்றிருந்த மனைவியின் தம்பி, லிஃப்ட் ரிப்பேர்க்காரன், இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று சிரித்தான். சென்சார்தான் பொய் சொல்கிறது, போய்ப் பார்த்துவா என்று அவனை மாடிக்கு விரட்டினார். அவன் இறங்கி வந்து, தொட்டி இப்போது பாதிதான் இருக்கிறது என்றான். அவர் திரையை முறைத்தபடியே இருந்தார். கொஞ்சம் பொறுத்துக் கேட்டார்:

"எவ்வளவுடா இருக்கு?"

"இப்பத்தானே சொன்னேன் மாமா. நீங்க காதுல வாங்கினாத்தானே? அஞ்சு மாடி ஏறி இறங்கிச் சொல்றவன் என்ன கேனையனா?"

திட்ட வாயைத் திறந்தவர் சட்டென்று திரையின் பக்கம் திரும்பினார். ஃபங்ஷனும் ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அதை யாரும் வாங்கி வைக்கவில்லை. 'மட்டம்' பூஜ்யமாகவே கிடந்தது. பூஜ்யம் எந்தக் காலத்தில் தொண்ணூறைத் தாண்டும்? தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டு, வெறுமனே கூப்பிட்டிருந்த வரியை அழித்து எழுதினார்:

மட்டம் = மட்டம்_பார்()

வலப்பக்கத்து ஃபங்ஷன் சொல்வது இடப்பக்கத்து வேரியபிளில் போய் உட்கார்ந்துகொள்ளும். இவ்வளவுதான். இந்த ஒரு வார்த்தைக்கும் ஒரு குறிக்கும் வேலையே போகவிருந்தது என்று நினைக்க நினைக்க எரிந்தது.

சாயங்காலம் தொண்ணூறைத் தாண்டியதும் மோட்டார் தானாக நின்றது. எட்டிப் பார்த்த செயலாளர் சொன்னார்: "பாத்தீங்களா, ஒரு அதட்டு போட்டாத்தான் நேரத்துக்கு நிறுத்துறீங்க."

சுவிட்சுப் பக்கமே போகாத கை நமநமத்தது. மச்சான் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். வேலையாவது மிஞ்சியதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு, "சரிங்க" என்றார்.