பத்து எண்ணும் வரை

பால் பொங்கி வரும் வரை ராயப்பன் ஒற்றைக் காலில் நிற்கிறார். வலது கையின் இரண்டு விரல்கள் சமையல் மேடையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. தொடலாம், பிடிக்கக் கூடாது. இடது கால் தரையை விட்டு அரைச் சாண்கூட எழும்பவில்லை. உள்ளறைக் கட்டிலில் இருந்தபடி அவர் மனைவி ஞானகுமாரி எண்ணுகிறார். ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் சீராகத்தான் வரும். முந்தின நாள் ராயப்பன் ஏதாவது சிடுசிடுத்திருந்தால் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் வெகு நேரம் ஆகும். எட்டு எங்கே என்று அவர் கேட்பதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். பத்து வந்ததும் கால் மாற்றுவார்.

நெமிலிச்சேரி ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில், மாதா கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது வீடு. வயது எழுபத்தொன்று. அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்தாறு வருடம் லேத் ஓட்டியவர். ஷிப்ட் முழுக்க நின்றபடி வேலை. சாப்பாட்டுக்கு மட்டும்தான் உட்காருவார். இன்றைக்கும் எதைக் கையில் எடுத்தாலும் கட்டைவிரலால் விளிம்பைத் தடவிப் பிசிறு இருக்கிறதா என்று பார்க்கிறார். டம்ளர், சீப்பு, மாத்திரை அட்டை எதுவும் தப்பாது. பேச்சு சிக்கனம். அலுப்பு வந்தால் "ஆவட்டும், ஆவட்டும்" என்பார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு சொல் வாங்க முடியாது.

போன வருடம் ஈஸ்டருக்கு முந்தின வாரம் ஞானகுமாரி கட்டிலிலிருந்து இறங்கும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, பயம் போகவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு, பின்னால் ஒருவர் இடுப்பைத் தாங்கினால் கழிவறை வரை போய்வருவார். அந்த ஒருவர் ராயப்பன்தான். மகள் ரெனிதா சென்னீர்குப்பத்தில் இருக்கிறாள். மூன்றாவது மாடி, லிப்ட் இல்லை, கணவன் மனைவி இருவருக்கும் வேலை. தினம் சாயங்காலம் போன் செய்வாள். ஒருநாள் அவளும் களைத்துப்போய்ச் சொல்லிவிட்டாள், அப்பாவும் விழுந்தால் அம்மாவை ஒரு ஹோமில் சேர்த்துவிட்டு அப்பாவைத் தன்னோடு கூட்டிப்போவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை என்று. கோபத்தில் சொன்னதல்ல. அதனால்தான் இருவருக்கும் அது மறக்கவில்லை.

இந்த வருடம் ஜூன் மாதம் ஒரு காலையில் ராயப்பன் விழுந்தார்.

ஞானகுமாரிக்கு உடம்பு துடைக்க வெந்நீர் விளாவிக் கொண்டுவரப் பின்பக்கத்துக் குளியலறைக்குப் போனவர், அதன் வாசற்படியில் கால் தடுக்கிப் பக்கவாட்டில் சாய்ந்தார். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. கையை ஊன்றினால் வழுக்கியது. முழங்காலை மடக்கினால் உடம்பு கூட வரவில்லை. நாற்பது நிமிடம் ஈரத்தில் கிடந்தார். கட்டிலிலிருந்து ஞானகுமாரி கூப்பிடும்போதெல்லாம் "வர்றேன், வர்றேன்" என்று குரல் கொடுத்தார். முதலில் அடிக்கடி கூப்பிட்டார் ஞானகுமாரி. பிறகு நிறுத்திவிட்டார். கடைசியில் ராயப்பன் உட்கார்ந்த மேனிக்கே நகர்ந்து நகர்ந்து, பின்பக்கத்துத் துவைக்கிற கல்லைப் பிடித்து எழுந்து உள்ளே வந்தபோது கட்டில் நனைந்திருந்தது. குழாய் மக்கர் பண்ணியது என்றார் அவர். சரி என்றார் ஞானகுமாரி. இருவரும் சேர்ந்து படுக்கை விரிப்பை உருவினார்கள்.

யுவராணி அந்த வாரம் வந்தபோது ராயப்பனின் முழங்கையில் இருந்த கன்றலைப் பார்த்துவிட்டார். யுவராணி பிசியோதெரபிஸ்ட், நாற்பத்தைந்து வயது. வாரம் ஒருநாள் ஆவடியிலிருந்து ஸ்கூட்டரில் வந்து ஞானகுமாரிக்குப் பயிற்சி கொடுப்பவர். பையைக் கீழே வைத்துவிட்டு ராயப்பன் பக்கம் திரும்பினார்.

"அம்மாவ அப்புறம் பாக்கறேன். நீங்க கொஞ்சம் ஒத்தக் கால்ல நில்லுங்க ஐயா."

ராயப்பனுக்குச் சுருக்கென்றது. "முப்பத்தாறு வருசம் லேத்துல நின்னுகினு இருந்தவன் நானு. என்கிட்ட வந்து நிக்கறதுக்கு சொல்லித் தரியாமா?"

நின்று காட்டினார். மூன்று விநாடி. நான்காவதில் பீரோவைப் பிடித்துக்கொண்டார்.

அன்றைக்குத் தொடங்கியது இது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்கார வேண்டும். ஒரு காலின் குதிகாலை மற்ற காலின் விரல் நுனியோடு ஒட்டவைத்து, சுவரோரமாகக் கோட்டின் மேல் நடக்க வேண்டும். யுவராணி கோணல்மாணலாகப் போட்டுவிட்டுப் போன சாக்பீஸ் கோட்டை அவர் அழித்துவிட்டு, இரும்பு ஸ்கேலை வைத்துத் தானே ஒன்று போட்டார். தடுக்கிவிடும் கால்மிதியை யுவராணி எடுக்கச் சொன்னார். தேய்ந்த ரப்பர் செருப்பைக் குப்பையில் போடச் சொன்னார். பிரஷர் மாத்திரை போடுகிறவர் படுக்கையிலிருந்து சட்டென்று எழக் கூடாது, ஓரத்தில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும் என்றார். குளியலறையில் கைப்பிடி மாட்டச் சொன்னதை மட்டும் ராயப்பன் உடனே செய்தார். தான் வேலை பார்த்த பழைய பட்டறைக்கே போய், ஈரக் கை வழுக்காதபடி குழாயின் மேல் சொரசொரப்பாக வெட்டுப் போட்டு வாங்கி வந்தார்.

மற்றதையெல்லாம் ஆசையோடு செய்கிறார் என்று யாரும் நினைக்க வேண்டாம். காலையில் சமையல், பிறகு மனைவியைத் துடைத்துவிடுவது, துணி, மருந்துக்கடை, மறுபடி சமையல். மதியம் நாற்காலியில் உட்கார்ந்தால் அப்படியே இருந்துவிடலாம் போலிருக்கும். எழுந்து உட்காருகிற ஐந்தில் மூன்றைச் செய்துவிட்டு ஐந்து என்று சொல்லியிருக்கிறார். உள்ளறையிலிருந்து "மூணுதான் ஆச்சி" என்று பதில் வரும். நாற்காலி முனகுவதை வைத்தே ஞானகுமாரி கணக்குச் சொல்லிவிடுவார்.

ஒருநாள் ராயப்பன் யுவராணியிடம் நேராகவே கேட்டார். "இதெல்லாம் பண்ணா வுயவே மாட்டேனா?"

"அப்டி நான் சொல்ல மாட்டேன் ஐயா. விழறது கொறையும். விழுந்தாலும் நீங்களே எந்திரிக்கணும். அதையும் பழகணும்."

அதைத்தான் அவர் வெகுநாள் தள்ளிப்போட்டார். பெண்டாட்டி பார்க்க, இன்னொரு பெண்பிள்ளையின் முன்னால் தரையில் படுத்து உருளுவதா என்று இருந்தது. ஆகஸ்டில் ஒருநாள் யுவராணி தானே சுடிதாரோடு தரையில் படுத்துக் காட்டினார். முதலில் அவசரப்படாமல் கிடக்க வேண்டும். எங்கே வலிக்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி, குழந்தை மாதிரி நாலு காலில் வர வேண்டும். உறுதியான நாற்காலி எது என்று பார்த்து அதை நோக்கித் தவழ்ந்து, அதன் மேல் இரண்டு கையையும் வைத்து, ஒரு பாதத்தைத் தரையில் பதித்துத் தம்மை மேலே தள்ள வேண்டும். யுவராணி எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். ராயப்பன் படுத்தார். முதல் தடவை ஆறு நிமிடம் ஆனது. நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு தண்ணீர் குடித்தார்.

வாரத்துக்கு இரண்டு நாள் அதையும் செய்தார். அக்டோபர் கடைசியில் இரண்டு நிமிடத்துக்கு வந்தது. எதையும் தொடாமல் ஒற்றைக் காலில் ஒன்பது விநாடி. அதற்காக அவர் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. "ஆவட்டும்" என்றார்.

போன வாரம் மூன்று நாள் விடாத மழை. பின்பக்கத்து சிமெண்ட் தரையில் பாசி பிடித்துவிட்டது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மோட்டாரை நிறுத்தப் போனார். ஓரமாகத்தான் நடந்தார், சுவரைத் தொட்டுக்கொண்டுதான் நடந்தார். இருந்தும் கால் இழுத்துக்கொண்டு போனது.

மல்லாந்து கிடந்தபோது முகத்தில் மழை விழுந்தது. இடுப்பை அசைத்துப் பார்த்தார், வலி இல்லை. மணிக்கட்டில் மட்டும் எரிச்சல். உள்ளேயிருந்து குரல் வருமே என்று காத்திருந்தார். வரவில்லை. ஒருக்களித்தார். முழங்கால் இரண்டும் பாசியில் அழுந்த, சமையலறைப் படி வரை தவழ்ந்தார். கதவோரம் போட்டிருந்த மர ஸ்டூலின் மேல் கையை ஊன்றி, வலது பாதத்தைப் பதித்துத் தள்ளினார். எழுந்துவிட்டார். நெஞ்சு படபடப்பு அடங்கும் வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மோட்டாரை நிறுத்தவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. திரும்பவும் அந்தத் தரையில் அடிமேல் அடி வைத்துப் போய் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

"இன்னா சத்தம்?" என்று கேட்டார் ஞானகுமாரி.

"பக்கெட்டு வுயுந்துச்சி."

ஞானகுமாரி அவருடைய வேட்டியைப் பார்த்தார், முழங்காலைப் பார்த்தார். தலையணையருகே போன் அடித்தது. ரெனிதா. இடது கையால் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

"நல்லா கீறோம்மா. அப்பா இதோ, பக்கத்துலதான் கீறாரு."

வலது கையால் அவர் கையைப் பிடித்துக் கட்டிலோரம் இழுத்து உட்காரவைத்தார். மகள் மழையைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே, தம் நைட்டியின் ஓரத்தால் அவர் விரல் இடுக்குகளில் இருந்த பாசியை ஒவ்வொன்றாகத் துடைத்தெடுத்தார்.